ஏன் என்று கேட்பதற்கு முன்

"நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என்று வாக்கி டாக்கியில் மூன்று முறை சொல்லிவிட்டு இன்னாசி இரண்டு கைகளையும் கிரேன் பிடிகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கைகள் மடிக்கு வந்த பிறகுதான் சொன்னது தான் என்பதே அவனுக்கு உறைத்தது. கீழே, மிகக் கீழே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் காலை வெயில் புதுத் தகரம் போல மினுங்கியது. ஆற்றின் நடுவில், கட்டப்போகிற பாலத்தின் பெரிய தூண் பாதி வளர்ந்து நின்றது. தூணுக்கு இந்தப் பக்கம் கிரேன், கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கேபின், கேபினுக்குள் இன்னாசி. தூணுக்கு அந்தப் பக்கம், அவன் கண்ணுக்கு எட்டாத மறைவில் ஒரு மிதவை. மிதவையின் மேல், கட்டி முடித்த கம்பிக் கூண்டு, ஒரு சின்ன வீடு அளவுக்கு. அதைத் தூக்கித் தூணின் தலையில் உட்கார வைக்க வேண்டும். இன்றைய வேலை அவ்வளவுதான். மறைவில் இருப்பதால் அங்கே அவனுக்குக் கண் கலியபெருமாள். மிதவையில் நின்றுகொண்டு கலியபெருமாள் 'ஆபீஸ்' என்றால் இவன் தூக்குவான், 'ஆரியா' என்றால் இறக்குவான். துறைமுகத்தில் பிறந்து கிரேன் நிற்கிற இடமெல்லாம் பரவிவிட்ட சொற்கள் அவை. எந்தத் தேசத்துக் கப்பலில் வந்திறங்கினவோ, யாருக்கும் தெரியாது. இப்போது வாக்கி டாக்கியில் 'ஆபீஸ்' என்று வந்தது. ஆனால் வந்த குரல் கலியபெருமாளுடையது இல்லை. அல்லது இல்லை போலிருந்தது. இல்லையா, இல்லை போலிருந்ததா? அதை யோசிக்கும் முன்பே வாய் நிறுத்து என்று சொல்லிவிட்டது. வாய் அவனைக் கேட்டுக்கொண்டா சொல்கிறது?

வாக்கி டாக்கி அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் இந்தக் கம்பெனியின் வழக்கம். யார் நிறுத்து என்றாலும் எல்லாம் நிற்க வேண்டும். ஆட்கள் பாரத்தைவிட்டு விலகிப் பக்கத்துப் படகுக்குப் போய்விட வேண்டும். கொக்கி, வடம், வளையம், முடிச்சு எல்லாவற்றையும் பாதுகாப்புப் பொறியாளர் தமயந்தி நேரில் வந்து தொட்டுப் பார்த்து முடிக்கிறவரை, நிறுத்தியவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. முக்கியமாக, ஏன் என்று கேட்கக் கூடாது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளில் தமயந்தி இதைச் சொன்னபோது அவனுக்குப் புரியவில்லை. காரணம் தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும் அல்லவா, வேலை சீக்கிரம் முடியுமே என்றுதான் நினைத்தான், அதையே கேட்டும்விட்டான். அந்தப் பெண் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "முதல்லயே ஏன்னு கேட்டா, பதில் தெரியாதவங்க யாரும் நிறுத்த மாட்டாங்கண்ணே. எங்களுக்கு அவங்களும் வேணும்." பதில் தெரியாதவர்களும் வேண்டும். அன்று அதைக் கேட்டு மனசுக்குள் சிரித்தான். பதில் தெரியாதவர்கள் யாருக்கு வேண்டும்? இன்றைக்குப் பதில் தெரியாதவன் அவன்தான். யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால்கூடத் தேவலை. கேட்டால் வாய் ஏதாவது சொல்லும், சொன்னதை வைத்துக்கொண்டு மனசு ஓரிடத்தில் உட்காரும். கேட்காததால் அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஏன் நிறுத்தினாய், இன்னாசி? குரல் வேறு மாதிரி இருந்தது. எப்படி வேறு மாதிரி? கனமாக, வாய்க்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. அப்படி யார் பேசுவார்கள்? அங்கேதான் மனசு முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுகொண்டது. அப்படிப் பேசுகிறவர் இந்த ஆற்றங்கரை முழுக்க ஒருவர்தான். பிராஜக்ட் மேனேஜர் ரங்கபாஷ்யம்.

வலது கை மோதிர விரலை இடது கை தேடிப் பிடித்துத் தடவியது. யோசனை முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அந்தக் கை அங்கேதான் போகும். அந்த விரலில் மேல் கணு கிடையாது. கல்யாண மோதிரத்தை ரீத்தா அதனால்தான் இடது கையில் போட்டுவிட்டாள். விரல் போனபோது இன்னாசி கிரேன் ஓட்டுகிறவன் இல்லை, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு புகைபோக்கி வேலையில் பாரம் கட்டுகிறவன். வேறு கம்பெனி, வேறு காலம். வடத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கை வைத்து முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு இன்ஜினீயர் அலுவலகத்தில் யாரையோ கூப்பிட வேண்டும் என்று வாக்கி டாக்கியை எடுத்து, "ஆபீஸ்... ஆபீஸ்..." என்றார். மேலே கிரேனில் இருந்தவருக்கு அது வேறு என்னவாகக் கேட்கும்? தூக்கிவிட்டார். யார் மேலும் குற்றம் இல்லை. இன்ஜினீயர் அலுவலகத்தைத்தான் கூப்பிட்டார், கிரேன்காரர் சொன்ன சொல்லுக்குத்தான் தூக்கினார். ஒரே சொல் இரண்டு வேலை பார்த்ததில் விரல் போயிற்று. வலி இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்து கை இழுபடுவதற்கு நடுவில் ஒரு கணம் இருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கணத்தில் அவன், ஆபீசுக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தான். கீழே இருந்த அவனுக்கு அது அலுவலகம், மேலே இருந்தவருக்கு அது தூக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையைத் தமயந்தியிடம் சொன்னான். மறுநாளே இங்கே அலுவலகத்துக்கு வேறு பெயர் வைத்தாயிற்று. வாக்கி டாக்கியில் யாரும் ஆபீஸ் என்று அலுவலகத்தைச் சொல்லக் கூடாது, கொட்டகை என்றுதான் சொல்ல வேண்டும். 'கொட்டகை, கொட்டகை, டீசல் வண்டி வந்துவிட்டதா' என்று நன்றாகப் படித்த பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே பேசப் பழகிவிட்டார்கள். பழகாதவர் ரங்கபாஷ்யம் ஒருவர்தான். மறந்து மறந்து ஆபீஸ் என்பார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "கொட்டகை, கொட்டகை" என்பார்.

அப்படியானால் இன்றைக்கும் அவர்தான் மறந்துவிட்டாரா? அப்படியென்றால் நிறுத்தியது சரி. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமே. தமயந்தி கடைசியில் ஏன் என்று கேட்பாள், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிற வாக்கி டாக்கியில், 'சார் விதியை மறந்துவிட்டார், அதனால் நிறுத்தினேன்' என்று இவன் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு அது அவர் இல்லை என்றால்? அதுதான் இன்னும் மோசம். தூணுக்கு அப்பால் ஆரஞ்சு நிறப் படகு கரையிலிருந்து கிளம்புவது தெரிந்தது. முன்னால் வெள்ளைத் தலைக்கவசம், தமயந்தி. பின்னால் இன்னொரு வெள்ளைத் தலைக்கவசம், அகலமான உடம்பு. அவரும் வருகிறார். படகு தூணின் மறைவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒளிந்துகொண்டது என்று ஏன் நினைத்தோம்? அது தன் வேலைக்குப் போகிறது. படகைப் பார்த்த கண் தண்ணீரையும் பார்த்துவிட்டது, பார்க்காமல் இருந்திருக்கலாம். கரையோரக் கற்களில் ஈரக் கோடு மேலே இருந்தது, தண்ணீர் அதற்குக் கீழே இருந்தது. வற்றத் தொடங்கிவிட்டது. கடல் ஏறி ஆற்றுக்குள் வருகிற நேரத்தில்தான் மிதவை தூணடிக்கு வர முடியும். வற்றிவிட்டால் அது சேற்றில் ஒருக்களித்து உட்கார்ந்துவிடும், சாய்ந்த மிதவையிலிருந்து யாரும் பாரம் தூக்க மாட்டார்கள். அப்புறம் நாளைக்குத்தான். தூணின் தலையில் கம்பி கட்டுகிற ஆட்கள் எல்லோரும் நாளை வரை சும்மா உட்கார வேண்டும். இவ்வளவும் ஒரு குரல் வேறு மாதிரி இருந்ததற்காக.

பவுல்ராஜும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். முன்பு வேலை பார்த்த இடத்தில் பக்கத்துக் கிரேன் பவுல்ராஜுடையது. இங்கே போலவே அங்கேயும் பலகை இருந்தது, சிவப்பு எழுத்தில், 'சந்தேகமா? நிறுத்து' என்று. எழுத்து அங்கே இன்னும் பெரியது. ஒருநாள் மேற்கே மேகம் கறுத்ததைப் பார்த்துக் காற்று வரும் என்று பவுல்ராஜ் நிறுத்தினான். காற்று வரவில்லை. மேகம் ஒரு தூறல்கூடப் போடாமல் கலைந்தது. மேலாளர் திட்டவில்லை, சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினார். மறுநாள் அந்தக் கிரேனில் வேறு ஆள் இருந்தான். பவுல்ராஜ் ரயிலடியிலிருந்து போன் செய்து, "மேகத்துக்கு என் மேல என்னடே கோவம்" என்று மட்டும் கேட்டான். அதற்கப்புறம் அங்கே யாரும் நிறுத்தவில்லை. பலகைக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயின்ட் அடித்தார்கள். இந்த ஞாபகம் வந்ததும் கண் மறுபடி கற்களின் ஈரக் கோட்டுக்குப் போயிற்று. ஏன் இவ்வளவு பயம்? முன்பெல்லாம் வேலை போனால் போகட்டும், கடற்கரை நீளம் கிரேன் இருக்கிறது என்று திரிந்தவன்தானே. யோசித்துப் பார்த்தால் ரீத்தா அடித்த ஆணிதான் காரணம். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ஊர், எத்தனை வாடகை வீடு. எந்த வீட்டிலும் அவள் சுவரில் ஆணி அடித்ததில்லை. எப்படியும் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறோம், எதற்கு வீட்டுக்காரம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டும் என்பாள். மாதா படம் எப்போதும் அலமாரி மேல் சாய்ந்தபடியே இருக்கும், பூனை தட்டிவிட்டால் விழும். இங்கே வந்து மழைக்காலம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கேட்காமலே, எங்கிருந்தோ சுத்தியல் வாங்கிவந்து ஆணி அடித்துப் படத்தை மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்துதான் இந்தப் பயம். நன்றாக இருப்பது இவ்வளவு பயப்பட வைக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. இந்த உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஊர் ஒரு கோலம் மாதிரி தெரிகிறது. அலையாத்திக் காட்டின் பச்சைக்கு நடுவில் கால்வாய்கள் நெளிகின்றன. ஒரு கொக்குக் கூட்டம் இவனுக்குக் கீழே பறக்கிறது. கொக்கின் முதுகைப் பார்க்கிற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மீன்பிடித் துறையில் யாரோ வலை உதறுகிறார்கள், செதில்கள் மினுங்குகின்றன, இவ்வளவு தூரத்துக்கு அது தெரிய வாய்ப்பில்லை, இருந்தாலும் மினுங்குகிற மாதிரி இருக்கிறது. சுக்குக் காபி பிளாஸ்கில் இன்னும் சூடாக இருக்கும். குடிக்கலாமா? நிறுத்திவிட்டுக் காபி குடிக்கிறான் என்பார்களோ? இங்கே யார் பார்க்கப்போகிறார்கள், கொக்கா? மூடியைத் திறந்தான். ஆவி கண்ணாடியில் படிந்து கடலை மறைத்தது. ஒரு வாய் குடித்தான். சூடு தொண்டையில் இறங்க இறங்க, குரல் மறுபடி காதில் வந்தது. ஆபீஸ். கடைசி எழுத்தில் காற்று இல்லை. கலியபெருமாள் சொன்னால் கடைசியில் குக்கர் விசில் மாதிரி இஸ்ஸென்று இழுப்பான். அதை வைத்து ஆட்கள் அவனைக் கேலி செய்வார்கள், வீட்டில் சோறு வெந்துவிட்டதா என்று. இன்றைக்கு அந்த விசில் இல்லை. அவ்வளவுதான் காரணம், ஒரு விசில். இதைப் போய் ரங்கபாஷ்யத்திடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தான், வாய்க்குள்ளேயே: விசில் வரவில்லை சார். அவனுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததும் பயம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது, முழுசாகப் போகவில்லை. பேருந்தில் இடம் விடுகிறவர் மாதிரி, ஓரமாக.

வாக்கி டாக்கி கரகரத்தது. தமயந்தியின் குரல். எல்லாம் பார்த்தாகிவிட்டது, வடம் சரியாக இருக்கிறது, கொக்கி சரியாக இருக்கிறது, கூண்டின் கட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன, ஆட்கள் எல்லோரும் படகில் இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ஒவ்வொரு சரிக்கும் இன்னாசியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வளையமாவது, சரியில்லாமல் இருந்திருக்கக் கூடாதா? இப்படி நினைத்ததற்காக மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அவள் கேட்டாள்.

"இப்போ சொல்லுங்கண்ணே. ஏன் நிறுத்தினீங்க?"

"குரல் சந்தேகமா இருந்துச்சு மேடம். கலியன் குரல் மாதிரி இல்ல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கப்படாமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவனுக்குப் பாதிப் பதிலோடு நிற்க முடியவில்லை. "பெரிய சார்தான் கொட்டகையைக் கூப்பிடுறாங்களோன்னு நெனச்சேன்."

பிறகு கலியபெருமாள், வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி, நான்தாண்ணே சொன்னேன், நம்ம குரலே உங்களுக்கு மறந்துபோச்சா என்றான். பின்னால் யாரோ பலமாகச் சிரித்தார்கள். பிறகு கனமான அந்தக் குரல் வந்தது.

"இன்னாசி, நான் ரங்கபாஷ்யம். நான் வாக்கி டாக்கியைத் தொடவே இல்லப்பா. என் குரல் அவ்வளவு மோசமாவா இருக்கு?" பிறகு, "சரி, எப்ப சந்தேகம் வந்தாலும் இதே மாதிரி நிறுத்து. தண்ணி இன்னும் இருக்கு. தயாரா?" என்றார்.

தயார் என்று இன்னாசி சொன்னான். பிடிகளைப் பிடித்தான். காது சுட்டது. நாளைக்கு ஊரே கேலி செய்யும். ஆனால் அந்தச் சூட்டுக்குள்ளேயே ஒரு யோசனை மெதுவாக வந்து நின்றது. வடம் அறுந்திருந்தால் எந்தக் கம்பெனியிலும் முதுகில் தட்டுவார்கள், மாலைகூடப் போடுவார்கள். அதில் என்ன இருக்கிறது? தப்பாக நிறுத்தியவனிடம் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலகையில் எழுதியது மெய்யா பொய்யா என்பது வடம் சரியாக இருந்த இந்த ஒரு காலையில்தான் தெரியும். அப்படியென்றால் தெரிந்துவிட்டதா? பவுல்ராஜின் முதுகில் தட்டிய கைகூட அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் தட்டியது. நாளைக் காலை இந்த ஏணியில் ஏறினால்தான் தெரியும். இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. பெரிய சார் பேசிய விதம் வேறு. எப்படி வேறு? அதுவும் குரல்தான். குரலை நம்பித்தான் இவ்வளவும்.

ஆபீஸ், என்று வந்தது. விசில் இல்லை, ஆனால் இப்போது அது யார் என்று தெரியும். ஒரு சாண் தூக்கிச் சற்று நிறுத்திப் பார்ப்பது வழக்கம். இன்னாசி பிடியை மெல்ல இழுத்தான். வடம் விறைத்தது. எடை காட்டும் முள் நகர்ந்தது. கிரேனின் எலும்புகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும்போது வருகிற அந்த மெல்லிய முனகல் இருக்கையின் வழியாக முதுகுக்கு ஏறியது. அவனுக்கு மிகவும் பிடித்த சத்தம் அது.

"நிறுத்து, நிறுத்து, நிறுத்து."

கலியபெருமாள். இந்த முறை சந்தேகமே இல்லை. இன்னாசி ஒரு சாணையும் பூப்போல இறக்கி வைத்துவிட்டுக் கைகளை எடுத்தான். முள் பூஜ்யத்துக்கு வந்தது. கேலி செய்கிறானா? கலியன் எதை வேண்டுமானாலும் கேலி செய்வான், இந்தச் சொல்லை மட்டும் செய்ய மாட்டான். வாக்கி டாக்கியில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ரங்கபாஷ்யம் கேட்கவில்லை. தண்ணீர் கற்களைவிட்டு இன்னும் இறங்கியிருந்தது. கரையோரச் சேறு பளபளவென்று வெளியே வந்து, அதில் சின்ன நண்டுகள் ஓடுவதாகக்கூட அவனுக்குத் தோன்றியது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துக்கொண்டே வடத்தையும் கொக்கியையும் மறுபடி முதலிலிருந்து தொட்டுக்கொண்டிருப்பார்கள், ஒன்றுமில்லை என்று தெரிந்தே. அவர்கள் எதையும் கேட்காமல் இருக்கிற அந்த அமைதி, முன்பு அவனைக் குத்திய அதே அமைதி, இப்போது இன்னொருவனுக்காக இருப்பதால் போர்வை மாதிரி இருந்தது. எல்லாம் சரி என்று தமயந்தி சொன்னாள். பிறகு கேட்டாள்.

கலியபெருமாள் மெதுவாகச் சொன்னான், ஒவ்வொரு சொல்லாக, வாயிலிருந்து எதையோ எடுத்துவிட்டு. "நேத்து கடவாப் பல்லைப் புடுங்கினேன் மேடம். தாடை வீங்கிப் போச்சு. பஞ்சு வெச்சிருக்கேன். சொன்னா இன்னைக்கி பாரத்துக்கு நிக்க விடமாட்டீங்கன்னு சொல்லல. அண்ணன் கேட்டது சரிதான், நான் பேசுறது எனக்கே வெளங்கல. அவரு மேல இருந்து என்னாத்த நம்பித் தூக்குவாரு?"

யாரும் சிரிக்கவில்லை. ரங்கபாஷ்யம், தண்ணீர் போய்விட்டது, மிதவை தரை தட்டிவிட்டது, கூண்டு நாளைக் காலை ஏறட்டும் என்று சாதாரணமாகச் சொன்னார். கலியபெருமாளைக் கம்பெனி வண்டியிலேயே பல் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார். நாளைக்கு அவனுக்குப் பதில் மிதவையில் சுக்ராம் நிற்பான். ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ராமும் கிரேனுக்குக் குரல் கொடுக்கிற பயிற்சியை முடித்தவன்தான். தமிழில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தவை மூன்றே சொற்கள், அந்த மூன்றும்தான் அங்கே தேவை. சொல்லிக் காட்டச் சொன்னார்கள். கொக்கியைக் கழற்றிய பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை போல உரக்க, ஆபீஸ், ஆரியா, நிறுத்து என்று சொன்னான். தெளிவாகக் கேட்கிறது என்றான் இன்னாசி. பிறகு ரங்கபாஷ்யம் வாக்கி டாக்கியை வைக்கும் முன், "இன்னாசி, நாளைக்குக் காலைல தண்ணி ஏறினதுமே தூக்கிடணும். நேரத்தோட வந்துடு" என்றார். இன்னாசிக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த 'வந்துடு'வை அவன் இரண்டு மூன்று முறை மனசுக்குள் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வந்துடு என்றுதான் இருந்தது.

கொக்கியை மேலே ஏற்றி, விசையை அணைத்தான். இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. கிரேனை இறுக்கிப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. பூட்டினால் பெருங்காற்றில் அது எதிர்த்து நின்று முறியும். அதைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கிற பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். தளர்த்தினான். கடலிலிருந்து வந்த காற்று நீண்ட கையை மெல்லத் தொட்டது. கேபினும் அதோடு சேர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல், நிலத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியது. ஏணிக்குக் கால் வைக்காமல் இன்னாசி இருக்கையிலேயே சற்று நேரம் இருந்தான். கடல் போயிற்று, அலையாத்திக் காடு வந்தது, அது போய் ஊர் வந்தது, ஓட்டுக் கூரைகள் வந்தன. அவனைத் திருப்பிக்கொண்டிருந்தது காற்று. அவன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.